ஐந்து என்று போட்டுவிட்டேன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பாப்பா தூங்கிவிட்டாள். தூங்கிவிட்டாளா என்று பார்க்கப் போய்ப் போய், கடைசியில் நானே எழுப்பிவிட்டேன். மறுபடி தட்டித் தூங்க வைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்கிறேன்.

நாளை பத்திரிகைக்குத் திரும்புகிறேன். விளையாட்டுப் பக்கத்தில் என் நாற்காலி இருக்கிறது. என் ஞாயிறு பத்தி இல்லை. பிரசவ லீவில் போனபோது அதைத் 'தலைப்பு'விடம் கொடுத்தார்கள். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆட்டம் முடிவதற்குள் தலைப்புப் போட்டுவிடுவான், அதனால் ஆபீஸில் இந்தப் பட்டம். கெட்டவனாக இருந்தால் திட்டியாவது இருப்பேன். நல்லவன். அதுதான் வயிற்றெரிச்சல்.

காப்பகத்து ஆயா பாப்பாவைச் சரியாகப் பார்த்துக்கொள்வாரா? பால் சூடு பார்ப்பாரா? அழுதால் எடுப்பாரா? போதும், தூங்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

அழவே இல்லை. பாப்பாவைச் சொல்கிறேன். நான் பஸ்ஸில் அழுதேன்.

ஆபீஸில் ஒரே பேச்சு. நம் ஊர்க் கால்பந்து கிளப்பை வாங்கிய புது முதலாளி கோடை முழுக்க ஆள் வாங்கியிருக்கிறார். முன்வரிசைக்கு நாலு பேர், நடுவில் ஒருவர், பின்வரிசைக்கு மலை மாதிரி ஒரு ஆள், வெளிநாட்டிலிருந்து கோல்கீப்பர் ஒருவர். பாப்பா பிறக்கும் முன் நானும் இவரும் கடையில் நின்ற கோலம் ஞாபகம் வந்தது. கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போட்டோம். பாதி இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

எங்கள் ஆசிரியருக்கு ஒரு வழக்கம். சீசன் தொடங்கும் முன் பக்கத்தில் எழுதுகிறவர்கள் எல்லோரும், கிளப் எந்த இடத்தில் முடிக்கும் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். அது அவரவர் படத்துக்குக் கீழே கட்டம் கட்டி, சீசன் முடியும்வரை ஒவ்வொரு ஞாயிறும் வரும். மாற்ற முடியாது. இந்த முறை என்னையும் தலைப்பையும் பார்த்து, கூடவே ஒன்று சொன்னார்: "உங்க ரெண்டு பேர்ல யார் எண் கிட்ட வருதோ, ஞாயிறு பத்தி அவங்களுக்கு."

தலைப்பு பேனா மூடியைக் கழற்றும் முன்பே "ஒண்ணு சார்" என்றான். நான் சனிக்கிழமைவரை டைம் கேட்டேன்.

அந்தப் பத்தி எனக்கு வேண்டும். வேறு யார் படிக்கப்போகிறார்கள், இங்கே எழுதினால் என்ன? வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

மாமாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் மாமனார் ரிட்டயர்டு பஸ் டிரைவர். வேலையில் இருந்த காலம் முழுக்க ஸ்டியரிங் பக்கத்தில் கிளப் துண்டு தொங்கும். ஸ்டேடியத்தில் அவருக்கு ஒட்டினாற்போல இரண்டு சீட். ஒன்று அத்தையுடையது. அத்தை போன பிறகும் இரண்டையும் புதுப்பிக்கிறார். அந்த சீட்டில் தன் பையை வைத்துக்கொள்வார். யாராவது "இங்க ஆள் இருக்கா?" என்றால் "இருக்கு" என்பார்.

சாப்பிடும்போது கேட்டார். "என்ன போடப்போற?"

"யோசிக்கிறேன் மாமா."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? இவ்வளவு ஆளை வாங்கிட்டு, ரெண்டாவது வர்றதுக்கா?"

இவர் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்தார். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பார்வை சரிபண்ணுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் எதையும் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பயிற்சி ஆட்டத்துக்குப் போனேன். எதிர்த்து ஆடியது ஒரு கல்லூரி அணி. நம் ஆட்கள் ஜொலித்தார்கள், ஆளுக்கு ஆள் வித்தை. ஆறு கோல்.

ஆனால் ஒன்று பார்த்தேன். நீளமாக வந்த ஒரு பந்து, புது கீப்பருக்கும் அந்த மலைக்கும் நடுவில் உருண்டது. இவர் எடுப்பார் என்று அவர் நின்றார், அவர் எடுப்பார் என்று இவர் நின்றார். இரண்டு பேரும் மரியாதையாகப் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கல்லூரிப் பையன் ஓடிவந்து உள்ளே தட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அதேபோல இன்னொன்று.

பெஞ்சில் பழைய கீப்பர் உட்கார்ந்திருந்தார். கேலரியில் அவரைத் 'தகரம்' என்பார்கள், தகரத்தில் கல் விழுந்த மாதிரிக் குரல். பந்து வந்தால் "என்னுது!" என்று கத்துவார், மற்றவர்கள் ஒதுங்குவார்கள். புதியவர் பறந்து பறந்து பிடிக்கிறார், வாயைத் திறப்பதில்லை.

இந்தக் காட்சி எனக்குப் பழக்கம். பாப்பா அழும்போது எங்கள் கட்டிலில் நடப்பது இதுதான். அவர் எழுவார் என்று நான், நான் எழுவேன் என்று அவர். இரண்டு பேரும் விழித்துக்கொண்டே தூங்குவோம்.

ஒருவருக்கொருவர் கத்தப் பழகப் பாதி சீசன் போய்விடும். ஐந்து என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாமா பேப்பரைப் படித்தார். மடித்தார். காப்பியைக் குடித்தார். எழுந்து போனார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

என்னுடன் பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார் போல. எல்லாம் பாப்பா மூலமாகத்தான் வருகிறது.

"பாப்பா, உங்கம்மாகிட்ட சொல்லு, குழம்புல உப்பு அஞ்சாவது இடத்துல இருக்கு."

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பிறகு சமையலறையில் நின்று கொஞ்சம் வருத்தப்பட்டேன். காய்க்கடைக்காரர் வேறு, "தக்காளி அஞ்சு போதுமா மேடம்?" என்கிறார். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆடியதெல்லாம் வெற்றி. பட்டியலில் முதல் இடம். தலைப்பு இன்று போட்ட தலைப்பு: 'கோப்பைக்கு அலமாரி தயாரா?' கீழே கட்டத்துக்குள் நான், ஐந்தைத் தாங்கிக்கொண்டு பல்லைக் காட்டியபடி. அந்தப் போட்டோவில் ஏன் அப்படிச் சிரித்துத் தொலைத்தேன்?

செப்டம்பர் 28, ஞாயிறு

தொடர்ந்து தோல்வி. எல்லாம் அதே ரகக் கோல். நடுவில் பந்து, இருபுறமும் மரியாதை. எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். அப்புறம் மாமா உள்ளே வந்தார். துண்டைக் கொடியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே படுத்துவிட்டார். துள்ளல் போன இடம் தெரியவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் வரும்.

காலையில் இவர் சொன்னார், "இன்னைக்கு சீக்கிரம் வந்துடுவேன்." சரி, பாப்பாவை இவர் கூட்டி வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் சொன்னேன், "மீட்டிங் சீக்கிரம் முடிஞ்சிடும்." சரி, நான் கூட்டி வருகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இரண்டு பேரும் வெறுங்கையோடு எதிரெதிரே நின்றோம்.

"பாப்பா எங்க?"

"உன்கூட இல்ல?"

காப்பகத்துக்கு ஓடினோம். பூட்டு. ஆயாவின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. என்ன என்ன நினைத்தேன் — வேண்டாம், எழுத மாட்டேன். அந்தத் தெருவில் எப்படி ஓடினேன் என்று தெரியாது. ஒரு செருப்பு எங்கேயோ. வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து மாமாவுக்கு போன் பண்ணினால் உள்ளிருந்து மணி கேட்கிறது. வீட்டுக்கு உள்ளிருந்து. கதவைத் தள்ளினால் சோபாவில் மாமா, மடியில் பாப்பா, வாயில் கிளப் துண்டு. ஆனந்தமாக மென்றுகொண்டிருக்கிறாள்.

கிளப் ஆபீஸிலிருந்து அந்த வழியாக வந்தாராம். கேட் வழியாக இவள் தாத்தாவைப் பார்த்துக் கையை நீட்டினாளாம். ஆயாவுக்கு அவரைத் தெரியும். கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமா!"

பாப்பாவைப் பார்த்துச் சொன்னார், "நான்தான் உங்கம்மாகூடப் பேசுறதில்லையே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமாக. அடக்கவே முடியல. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் ஒற்றைச் செருப்பை. எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"குடி. தப்புதான். சொல்லியிருக்கணும்."

ஆகஸ்டுக்குப் பிறகு என்னிடமே நேராகப் பேசியது இதுதான். பாப்பாவைத் தூங்க வைத்த பிறகு கேட்டார், "ஏன் அஞ்சு போட்ட?" மேசையில் இரண்டு டம்ளரை வைத்து, நடுவில் பாப்பாவின் கிலுகிலுப்பையை உருட்டிக் காட்டினேன். இது கீப்பர், இது மலை, யாரும் கத்துவதில்லை. டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா கோபம்?"

"தெரிஞ்சா பேப்பர்ல போட்டுடறதா? வீட்டு விஷயம் மாதிரி இல்லையா அது?"

இவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இந்த வீட்டில் எந்த வேலையையும் எடுப்பவர் வாய்விட்டு "என்னுது" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எடுத்ததாகக் கணக்கில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சட்டம் நன்றாக வேலை செய்கிறது. குப்பை விஷயத்தில் மட்டும் வீடே மௌன விரதம்.

டிசம்பர் 14, ஞாயிறு

கிளப் ஏழாவது இடம். கேலரியில் கூச்சல், முதலாளி முகம் கொடுப்பதில்லை. தலைப்பு பத்தியில் கோச்சை வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறான். கோச் வீட்டுக்குப் போகவில்லை. தகரத்தை இறக்கினார். முதல் பந்துக்கே "என்னுது!" — மேல் கேலரிவரை கேட்டது. மலை ஒதுங்கிக்கொண்டது. மாமா வந்து நடித்துக் காட்டினார். பாப்பா பயந்து அழுதாள்.

ஜனவரி 25, ஞாயிறு

ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் வேறு கவலையில் இருக்கிறேன். பாப்பா இன்னும் நடக்கவில்லை. மாடி வீட்டுக் குழந்தை, இவளுக்கு இளையது, படியே ஏறுகிறது. டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, அவளுக்கு அவசரமில்ல, உங்களுக்குத்தான் அவசரம்" என்றார். ஷூ வாங்கி, நடைவண்டி வாங்கி, பாய் வாங்கி… நானும் அந்த முதலாளியும் ஒன்றுதான். ஊர் கிளப்புக்கு நிதானமாக ஐந்து போடத் தெரிந்தவள், பெற்ற பிள்ளைக்கு மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று போட்டு வைத்திருக்கிறேனே, ஏன்?

மார்ச் 8, ஞாயிறு

தகரத்துக்கு விரலில் அடி. புது கீப்பர் மறுபடி இறங்கினார். எனக்குத் திக்கென்றது. உயரமாக ஒரு பந்து வந்தது. அந்த வாய் பேசாத மனுஷன் நம் மொழியில், கோணல் மாணலாக, "எந்நூத்து!" என்று அலறினார். கேலரி ஒரு நொடி சிரித்தது, அப்புறம் எழுந்து கைதட்டியது. பெஞ்சில் தகரம் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

பாப்பா நேற்று சோபாவிலிருந்து கதவுவரை நடந்தாள். ஷூ இல்லாமல். நான் பார்க்கவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மே 10, ஞாயிறு

மூன்றாவது இடம். மிச்சம் ஒரே ஆட்டம். தோற்றால் நான்காவது, பத்தி எனக்கு. ஜெயித்தால் இரண்டாவது, பத்தி அவனுக்கு. சமன் என்றால் மூன்றாவது: ஒன்றுக்கும் ஐந்துக்கும் சரி நடுவில்.

மாமா கேட்கிறார், "சனிக்கிழமை வர்றியா?" யார் பக்கம் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

மே 16, சனி

பாப்பாவோடு போனேன். மாமா அந்தப் பக்கத்து சீட்டிலிருந்து பையை எடுத்துக் காலடியில் வைத்தார்.

"உக்காரு. வெயில்ல நிக்காத."

உட்கார்ந்தேன். அவர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். நாலு முன்வரிசைக்காரர்களில் ஒருவர் தனியாகப் போகிறார், எதிரே கீப்பர் மட்டும். நான் எழுந்து நின்று "போடு, போடு, போடுடா" என்று கத்துகிறேன். இடுப்பில் பாப்பா குலுங்குகிறாள். போட்டார். கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. ஆட்டம் முடிந்தது. மூன்றாவது இடம்.

கேலரி மெல்லக் காலியாகத் தொடங்கியது.

"போட்டிருந்தா உன் பத்தி போயிருக்குமே," என்றார் மாமா.

"ஆமா."

"அப்புறம் எதுக்கு அப்படிக் கத்துன?"

"தெரியல மாமா."

துண்டை எடுத்து பாப்பா கழுத்தில் சுற்றினார். "எனக்குத் தெரியும்," என்றார்.

மே 18, திங்கள்

ஆசிரியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அவனும் இரண்டு தள்ளி, நானும் இரண்டு தள்ளி. "ஒரு வாரம் நீ, ஒரு வாரம் அவன். இந்த ஞாயிறே ஆரம்பிங்க. சண்டை போடாதீங்க." தலைப்பு கை குலுக்கினான். "அக்கா, அடுத்த சீசன் நானும் யோசிச்சுப் போடறேன்." நல்லவன்தான். எரிச்சலும் குறைந்திருக்கிறது.

மே 23, சனி

மாலையில் ஆசிரியர் போன். "பக்கம் காலியா இருக்கு. இந்த வாரம் யாருது?"

"தலைப்பு எழுதறான்னு நினைச்சேன் சார்."

அவனையும் லைனில் எடுத்தார். "அக்கா எழுதறாங்கன்னு நினைச்சேன் சார்."

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன், நடுவில் காலிப் பக்கம் உருண்டு போய்க்கொண்டிருக்கிறது. ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். ஆசிரியரின் பெருமூச்சு மட்டும் கேட்கிறது. உள்ளே பாப்பா பல் முளைக்கிற வலியில் வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால்.

"என்னுது சார்," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

ஹாலிலிருந்து மாமா குரல் வந்தது, நேராக எனக்கு: "இவ என்னுது. நீ போய் எழுது."

"பால் என்னுது," என்றார் இவர்.

எழுதி அனுப்பிவிட்டு வெளியே வந்தேன். பாப்பா மாமாவின் தோளில் தூங்கியிருந்தாள். இவர் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரும் கேட்காமலே "என்னுது" என்றார்.

மாமா ஒரு கையால் என் தோளில் தட்டினார். "கோப்பை வந்துடுச்சும்மா."