மைக்கைத் தொடாத குரல்

மார்ச் 3, செவ்வாய்
மறுபடியும் அதே கூத்து. ஓட்டல் கூடத்தில் கிதார் வாசித்தபடி பாடுகிற அக்கா, மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறார். ஒலியை ஏற்றினால் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. இறக்கினால் கரண்டிச் சத்தம்தான் கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பது சவுண்ட் போர்டில் உட்கார்ந்திருக்கும் என்னை. "வாய்கிட்ட வச்சுப் பாடுங்கக்கா, கடிச்சிடாது" என்றேன். முறைத்தார்.

மார்ச் 6
மைக் பிடிக்கத் தெரியாதவர்களெல்லாம் பாடகி!

மார்ச் 8, ஞாயிறு
மதிய நிகழ்ச்சியில் நான்கு முறை ஊளை. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. ஓட்டல் மேலாளர் நேராக என்னிடம் வந்தார். "உனக்கு வேலை தெரியுமா, தெரியாதா?"
சுருக்கென்றது. "மெஷின்ல ஒண்ணுமில்ல சார். அவங்களுக்குத்தான் மைக்ல பாடத் தெரியல."
"அப்போ அடுத்த ஞாயிறோட வேற பாடகி பாத்துக்கிறேன்."
சொன்னது உண்மைதானே?

மார்ச் 10
அக்கா மேடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியேடா. பாடத் தெரியலையா எனக்கு? கிதார் கம்பில கை இருக்கும்போது மைக்ல உதடு பட்டா சுரீர்னு அடிக்குது. போன மாசம் பல்லு வரைக்கும் ஏறிச்சு. உங்க சவுண்ட் சர்வீஸ் முதலாளிகிட்ட சொன்னேன். ஈரக் கையோட தொட்டிருப்பேன்னாரு. இன்னொரு தடவ சொன்னா கூப்பிடவே மாட்டாங்க. அதான் தள்ளி நின்னேன்."
கிதாரின் ஸ்பீக்கர் பெட்டி பிளக்கில், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிடும் எர்த் வயரை வெட்டியவன் நான்தான். ஜனவரியில். 'ம்ம்ம்' என்று ஓயாமல் ஓர் இரைச்சல்; வெட்டு என்றார் முதலாளி, வெட்டினேன். இரைச்சல் நின்றது. கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினார்.

மார்ச் 11
முதலாளியிடம் கேட்டேன். சிரிக்கிறான்! "இரைச்சல் வந்தா ஓட்டல்காரன் நம்மள மாத்துவான். ஷாக் அடிச்சா பாடுறவதானே தள்ளி நிப்பா? எல்லா இடத்துலயும் இப்படித்தான்டா ஓடுது."
என்ன மனுஷன்டா நீ? உன் உதட்டை வைப்பியா அதுல?
அவனைத் திட்டி என்ன — கட்டிங் பிளேயர் என் கையில்தானே இருந்தது.

மார்ச் 12
வயரைச் சேர்த்தேன். மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "புதுப் பாடகிக்கு வாக்குக் குடுத்தாச்சேப்பா" என்றார். அவ்வளவுதான் அவருக்கு.

மார்ச் 15, ஞாயிறு
அக்காவின் கடைசி நிகழ்ச்சி. வயரைச் சேர்த்ததால் கூடம் முழுக்க மறுபடியும் அந்த 'ம்ம்ம்' இரைச்சல். நாளையிலிருந்து வராதே என்று முதலாளி போனில் கத்தி முடித்துவிட்டார்.
"வயர் சேர்த்துட்டேன்க்கா. இனிமே அடிக்காது. கிட்ட வாங்க."
கிதாரைக் கழற்றி நீட்டினார். "மொதல்ல நீ."
மாட்டிக்கொண்டேன். ஐந்து விரலாலும் கம்பிகளைப் பிடித்து, கண்ணை மூடி, உதட்டை மைக்கில் வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.
அக்கா என் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். கிதாரை வாங்கிக்கொண்டார். அப்புறமும் தள்ளி நின்றுதான் பாடினார்.