எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்

சனி இரவு, ஆஹென், ஜெர்மனி

இல்லை, மேடையில் நான் நடுங்கவில்லை. பட்டமளிப்பு விழாவில் மாணவர்கள் சார்பாகப் பேச என்னைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. நடுவே அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தன்னால் வாசிக்க முடியாத என் பள்ளிப் புத்தகங்களுக்கு ஒவ்வொரு ஆண்டும் உறை போட்டுத் தந்தவர், அதோ நீலச் சேலையில் இருக்கிறார் என்றேன். அரங்கமே திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அம்மாவும் சேர்ந்து தட்டினார்.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டார்.

"ஏன் பிள்ளை எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தவை? சேலை ஏதும் விலகிக் கிடந்ததோ?"

சிறு வயதிலிருந்து அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். வைத்தியர் சொன்னது, அலுவலகக் கடிதம், பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாடு எல்லாவற்றையும் தமிழில் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இப்படி ஒன்றை நாங்கள் தமிழில் ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை.

"இல்லையம்மா. சேலை வடிவா இருக்கெண்டு பாத்தவை."

"நானும் பயந்துபோனன்." சிரித்தார். "அது சரி, நீ என்ன கதைச்சனி?"

"படிப்பைப் பற்றி."

"அவ்வளவு நேரமோ?"

"ஓம்."

இப்போது அம்மா என் கட்டிலில் தூங்குகிறார். காலையில் அவருக்கு ரயில். நாற்காலியில் கிடந்த சேலையை மடித்தேன். மடிப்புக்குள் என் பேச்சுத் தாளை வைத்தேன். அது ஜெர்மன் மொழியில் இருக்கிறது. திரும்ப எடுத்துவிட்டேன்.

சேலையை மட்டும் அவருடைய பைக்குள் வைத்தேன்.