புதுக் கிணற்றின் முதல் தண்ணீர்

மாசி 14, வியாழன்

செங்கல்பட்டுப் பக்கம் என் நிலத்தைக் குத்தகைக்கு உழும் சின்னப்பன் இன்று மந்தைவெளி வீட்டுக்கு வந்தான். யுத்தத்தால் அரிசிக்குத் தட்டுப்பாடு. புதுக் கிணறு வெட்டினால் பாதிச் செலவை சர்க்கார் கொடுக்கிறது. என் நிலத்தில் இப்போது ஒன்றை வெட்டி முடித்தது அவனும் அவன் பெண்டாட்டியும். பட்டா என் பேரில் இருப்பதால் பணம் எனக்குத்தான் வரும். அதற்கான மனுவையும் அவனே ஊர்க் கணக்கெழுதும் கர்ணத்திடம் வாங்கி வந்திருந்தான். கையெழுத்துப் போட்டேன். 'பணம் உனக்குத்தான்' என்ற வார்த்தை வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

போகும்போது துணியால் வாய் கட்டிய கலயம் ஒன்றை வாசற்படியில் வைத்தான். புதுக் கிணற்றின் முதல் தண்ணீரை நிலத்துக்காரர் குடிப்பது அவர்கள் வழக்கமாம்.

"கல்கண்டாட்டம் கீது சாமி. ரயில்ல ஒரு சொட்டு சிந்தாம மடியிலயே வச்சிக்கினு வந்தேன்."

அவன் தெருமுனை திரும்பியதும் என் மனைவி, "அதை ஆத்துக்குள்ள எடுத்துண்டு வராதேங்கோ. முருங்கைக்கு விட்டுடுங்கோ" என்றாள்.

விட்டேன்.

அவன் கைரேகையோடு செம்மண் ஒட்டிய மனு மட்டும் நாளை ஆபீசில் கொடுப்பதற்காக உள்ளே பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அறுவடை முடிந்ததும் மறுபடி வருவான். தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்பான்.