ஹாலில் ஓடும் வயர்

உங்களிடம் சொல்ல நினைத்ததை எல்லாம் நேற்று பாத்திரம் கழுவும்போதே மனசுக்குள் சொல்லி முடித்துவிட்டேன். ஒன்றுதான் மிச்சம், எழுதி வைக்கிறேன்.

நீங்கள் மாட்டிய ரூட்டர் இப்போது வேலை செய்கிறது. "உன் ஓட்டைக் கம்ப்யூட்டராலதான் நெட் வரல"ன்னு கத்தினீங்களே, அது பாவம், ஒன்றும் செய்யவில்லை. வெளியிலிருந்து வரும் வயரை நீங்கள் கம்ப்யூட்டருக்கான துளையில் செருகியிருந்தீர்கள். வெளி வயருக்கென்று தனியாக நீலத்தில் ஒரு துளை இருக்கிறது. அதில் மாற்றிவிட்டு, பக்கத்துத் துளையிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு வயர் இழுத்துவிட்டேன். உங்கள் போனிலும் வருகிறது, என் மேசையிலும் வருகிறது.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்க வேண்டாம். சாவி செருப்பு அலமாரியில். உங்க அக்கா பாஸ்வேர்ட் கேட்டால், ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிறது.

"வீட்ல உக்காந்து டைப் அடிக்கிறவளுக்கு வைஃபை போதாதா?" என்றீர்கள். என் மேசை இருக்கும் பின்னறையில் அது ஒரு கோடுதான் காட்டுகிறது. நான் பக்கம் வடிவமைத்த புத்தகம் நெட் வழியாக அச்சகத்துக்குப் போகும்போது பாதியில் நின்றால், திட்டு வாங்குவது நான்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அக்கா வருவதற்குள் ஹாலில் கிடக்கும் வயரைப் பிடுங்கச் சொன்னீர்கள். யாருக்கும் தடுக்காமல் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். "இது என்னடா வயரு?" என்று அக்கா கேட்டால், "அவ வேலைக்கு"ன்னு வாய் திறந்து சொல்லுங்கள்.

நான் பிடுங்கவில்லை. நீங்களும் தொட வேண்டாம்.