பவளத்துக்கு விளக்கு தேடிய மைனிக்கு

என் நெஞ்சோடு இருக்கிற பிலோமி மைனிக்கு,

நாளைக்கு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். என் கூடப்பிறந்த அந்தோணி அண்ணன், தாலி கட்டிய உங்களையே கொன்றதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஊரார் முன்னால் அதைச் சொல்லுமுன் உங்களிடம் பேசிவிட வேண்டும் போலிருக்கிறது. சித்திரபுரத்தில் இன்றைக்கும் விடிந்ததிலிருந்து மூடுபனி. எதிர்வீடு தெரியவில்லை.

கண்ணாடித் தொட்டியில் உங்கள் பவளக்கல் உயிரோடிருக்கிறது மைனி. பக்கத்தில் குட்டியாக ஒன்று கிளைத்திருக்கிறது. போன மாதம் அதன்மேல் எரியும் ஒரு டியூப்லைட் இரண்டு முனையும் கறுத்து மங்கிவிட்டது. மூணாறு போய் வேறு வாங்கிவந்தேன். கடைக்காரர் உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. டியூபைத் தாளில் சுற்றுமுன் அவரே எரியவைத்துக் காட்டினார்.

நாம் முதன்முதலாக அந்தக் கடைக்குப் போனதை நினைத்துக்கொண்டேன். பிள்ளையைச் சுமந்த உங்கள் வயிற்றில் அண்ணன் உதைத்து, அது கலைந்து, நீங்கள் பேச்சையே விட்டிருந்த சமயம். தூத்துக்குடியிலிருந்து கருவாட்டு லாரி ஓட்டிவந்த உங்கள் தம்பி மிக்கேல், "வா அக்கா, நம்ம ஊருக்குப் போயிருவோம்" என்று அழுதான். நீங்கள் போகவில்லை. ஏன் மைனி போகவில்லை? "நம்ம பாருல இருந்து உயிருள்ள கல்லு ஒண்ணு கொண்டா. கடல்தண்ணியும் கொண்டா" என்று மட்டும் சொன்னீர்கள். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பவளத்திட்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

அடுத்த நடையில் அவன் கொண்டுவந்தான். கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை ஊற்றி, குளிருக்குத் தொட்டியின் அடியில் ஒரு குண்டு பல்பு வைத்தீர்கள். ஆனால் மழைக்காலம் முழுக்க வெயிலைக் காணாத மலை இது. மேலே தொங்கவிட்ட மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் கல்லின்மேல் பாசிதான் படர்ந்தது. பவளம் சுருங்கி, பழுத்த இலை நிறத்துக்கு வந்துவிட்டது.

கடையில் இருந்த டியூப்களை ஒவ்வொன்றாக எரியவைக்கச் சொன்னீர்கள். "சேச்சி, வெளிச்சம் எல்லாம் ஒண்ணல்லே?" என்று கடைக்காரர் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு டியூபுக்கும் கீழே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தீர்கள். மஞ்சளாக எரிந்ததைத் தள்ளினீர்கள். "இது அடுப்படிக்கு ஆகும்" என்றீர்கள். அடுத்ததில் வெள்ளை இருந்தது, நீலம் போதவில்லை. கடைசியாக டேலைட் என்று எழுதிய டியூபின் கீழே கை நின்றது. "உச்சிவெயில்ல முங்கினா தண்ணிக்குள்ள என் கை இந்த நெறத்துலதான் இருக்கும் லூர்து. இதுதான்." எத்தனையோ நாளுக்குப் பிறகு நீங்கள் என் பேரைச் சொல்லிக் கேட்டேன்.

ஒரு டியூப் போதவில்லை. இரண்டாக்கினீர்கள், பிறகு நாலு. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, நடுவில் கண்ணாடித் தகடு வைத்து. ஒரு காலையில் பவளம் மொட்டு மொட்டாக விரிந்து நிறம் திரும்பியிருந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினீர்கள்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. பவர்ஹவுஸில் வேலை முடிந்து குடித்துவிட்டு வருகிறவன், நீங்கள் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே வெறிபிடித்துப் போவான். "என்னையப் பாக்காத கண்ணு கல்லை என்னட்டி பாக்கு?" என்று ஒருநாள் எரிகிற டியூபைப் பிடுங்கி உங்கள் முதுகில் அடித்தான். சிதறியதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடுங்கினான். எஸ்டேட் டிஸ்பென்சரியில் உங்களைக் குப்புறப் படுக்கவைத்து, வெள்ளைப் பொடி ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை நான்தான் இடுக்கியால் எடுத்தேன். எல்லாம் எடுத்தபின், "இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டேன்" என்றீர்கள். நர்சென்று எஸ்டேட்டில் எனக்குக் கொடுத்த ஒற்றை அறைக்கே தொட்டியோடு வந்தீர்கள். உடைந்த டியூபுக்குப் பதில் வேறு மாட்டினோம். எவ்வளவு நாள் அப்படி நிம்மதியாக இருந்தோம்?

அன்றைக்குச் சர்ச்சில் பூசை முடிந்து வந்து நான் உலை வைத்திருந்தேன். அண்ணன் கடப்பாரையோடு உள்ளே வந்தான். தொட்டிக்கு நேரே ஓங்கினான்.

நீங்கள் குறுக்கே போகவில்லை மைனி. அறையின் மறுபக்கம், கட்டிலோரம் நின்ற இடத்திலேயே நின்றீர்கள். "ஒடைக்கணும்னா ஒடைச்சுக்கோங்க. நான் வரமாட்டேன்" என்றீர்கள்.

ஓங்கிய கை நின்றது. அவன் தொட்டியை விட்டுத் திரும்பினான். உங்களைப் பார்த்தான். அறையைக் கடந்து வந்து உங்கள் தலையில் அடித்தான். விழுந்தபின்னும் அடித்தான். கொதித்த உலையைத் தூக்கி அவன்மேல் கொட்டினேன். அவன் அலறிக்கொண்டு வெளியே ஓடினான். உங்கள் தலையை மடியில் எடுத்துவைத்தேன். எத்தனையோ காயத்துக்குக் கட்டுப்போட்ட கைக்கு எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. போய்விட்டீர்கள்.

முந்தாநாள் அம்மா வந்தாள். காலைப் பிடித்தாள். "ஏட்டி லூர்து, அவன் ஒன் கூடப்பொறந்தவன்லா. தொட்டியத்தான் அடிக்கப் போனான், அவ குறுக்க விழுந்துட்டானு சொல்லிரு. வக்கீலு அதான் வழிங்காரு. ஒரு கல்லுக்காவப் போனவதான அவ?"

"கல்லுக்காவச் சாவலம்மா. வரமாட்டேன்னு சொன்னதுக்குக் கொன்னான்" என்றேன்.

"அப்ப எனக்கு மவ இல்ல" என்று சொல்லி எழுந்து போனாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

பயமில்லை என்று சொன்னால் பொய். அண்ணன் கூண்டில் நிற்பான். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனவனும் அவன்தான். அவன் முகத்தைப் பார்த்தால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளுமோ? அம்மா கூட்டத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதால் என்ன செய்வேன்?

ஆனாலும் சொல்வேன் மைனி. தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று சொல்வேன். ஓங்கிய கை நின்றதை, அவன் திரும்பியதை, நடந்துவந்ததை, விழுந்தபின்னும் அடித்ததைச் சொல்வேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன வார்த்தையை நீங்கள் சொன்னபடியே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வேன். வக்கீல் எத்தனை முறை மடக்கினாலும் அதையே சொல்வேன். இது சத்தியம்.

அவனுக்குத் தங்கையாய்ப் பிறந்தாலும்,
என்றைக்கும் உங்கள் நாத்தனார்
லூர்து