மூன்றில் எதை வாங்குவது

பசியாவரத்துத் தீவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, நாகப்பட்டினத்து ஒல்லாந்தர் வீட்டுச் சமையலறையிலிருந்து செல்வம்மாள் சொல்லி எழுதிய ஓலை. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

புதிதாகக் கட்டுமரம் வாங்குவதா, கயிற்றால் தைத்த படகா, தோணியா என்று கேட்டிருந்தீர்கள். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது. ஆனால் தினமும் அவிழ்த்துக் காயவைத்துத் திரும்பக் கட்ட வேண்டும்; உங்கள் முழங்கால் தாங்காது. தைத்த படகு அலைக்கு வளைந்து கொடுக்கும், ஆனால் தள்ள எட்டுப் பேர் வேண்டும். போன வாரம் இங்கே அப்படியொரு படகிலிருந்து இறங்கும்போது இடுப்பளவு தண்ணீரில் விழுந்தேன். சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டேன், பயப்பட வேண்டாம். தோணி கடலுக்கு ஆகாது. நம் தீவைச் சுற்றியுள்ள ஏரியில் கோல் ஊன்றினால் போதும், போகும்.

உங்கள் தம்பி ராஜவேலு கட்டுமரம்தான் என்பான். பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என்னைத் தோணிரேவுக் கரையில் நிறுத்தி, "இதுல உனக்கு இன்னா இடம் அண்ணி, அப்பால வா"னு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவன். முப்பது வருஷமாகியும் மறக்கவில்லை.

காய்ந்த கூனி இறால் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் நம் ஏரி வாசனை இல்லை.

ஓலை கொண்டுபோகிறவர் அவசரப்படுகிறார். தோணியே வாங்குங்கள். தை மாதம் வேலையை விட்டு வந்து அதே கரையில் நிற்பேன். இந்த முறை நான் உட்கார இடம் வேண்டும்.