அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த பதில்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடாமலும் இருப்பாய், இரண்டும் எனக்குத் தெரியும். எங்கள் நலத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், உன் சித்தி போன் போட்டுக் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்குள். போன வாரம் ஒரு டாக்டர் உன் அம்மாவை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார். பரீட்சையில் பிட் கொடுத்த குற்றம். இந்த வயதில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காத்திருந்த கூட்டம் மொத்தமும் பார்க்க வெளியே வந்து உட்கார்ந்தேன். பரீட்சை எழுதியது உன் அப்பா.

அப்பா குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டபோதெல்லாம் பல்வலி என்று சொல்லிவந்தேன், ஊருக்கே பல்செட் செய்கிற மனுஷனுக்குப் பல்வலி என்றால் நீயும் நம்பினாய். நிஜம் வேறு. முதலில் ஒருநாள் என் டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் பல் அச்சு எடுக்கிற மாவைப் போட்டுக் கலக்கி வைத்துவிட்டார். நான் கரண்டியைத் தூக்கினேன், டம்ளரும் கூடவே எழுந்து வந்தது. அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன், எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அப்புறம் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருடைய மேல் செட்டையும் பாட்டு டீச்சருடைய கீழ் செட்டையும் ஜோடி சேர்த்து டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டார். போஸ்ட்மாஸ்டர் அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டு ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்கிறார், வாய் மூடவில்லை, போனதிலிருந்து திரும்புகிறவரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. திரும்பி வந்த செட்டைக் கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார், பிறகு மெதுவாக, இதுல எதும்மா மேலே வரும் என்று என்னைக் கேட்டார். அன்றோடு நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன், அதாவது அவர் எதிரில்.

டாக்டரைக் கண்டுபிடித்த கதை தனி. நம் தெருமுனை டாக்டர் சத்து மாத்திரை கொடுத்து எல்லாம் வயசுதான் என்றார், அவர் வயசும் அதுதான். எதிர்வீட்டு டைப்பிஸ்ட் நரம்பு டாக்டரிடம் போங்க என்றாள். மூளை நரம்பு என்று போர்டு இருந்த இடத்துக்குள் நுழைந்துவிட்டேன். உள்ளே ஒவ்வொருவருக்கும் தலையில் கட்டு, மொட்டை, தையல். அப்பா என் காதில், என்னடி இது, ஹெல்மெட் போடாதவங்க சங்கமா என்றார். அப்படியும் பேசுவார், பாப்பா, அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. அந்த டாக்டர் ஆபரேஷன் செய்கிறவர். நல்ல மனுஷன், இங்கே வெட்ட ஒன்றுமில்லை, மறதியைப் பார்க்கிற நரம்பியல் டாக்டரிடம் போங்கள் என்றார். தைராய்டாலும் சத்துக் குறைவாலும்கூட இப்படி வரும், அதைச் சரிசெய்துவிடலாம் என்று ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். எல்லாரும் வியாதி இருக்கக் கூடாது என்று வேண்டுவார்கள், நான் தைராய்டு இருக்கட்டும் சாமி என்று வேண்டினேன். ரத்தம் சுத்தமாக இருந்தது. கடைசியில் அப்பாவுக்கு வேலை கொடுக்கிற பல் டாக்டர்தான் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்து, சரியான ஆளைப் பிடித்து, தானே பேசி நாள் வாங்கிக் கொடுத்தார்.

இங்கேதான் உன் அம்மாவின் மூளை வேலை செய்தது. டைப்பிஸ்டின் மாமனார் அதே டாக்டரிடம் போனவர், என்னென்ன கேட்பார்கள் என்று அவள் ஒப்பித்தாள். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், எந்த மாடியில் இருக்கிறோம். சரி, சொல்லிக்கொடுத்துவிட்டால் போச்சு என்று சாப்பிடும்போதும் குளித்துவிட்டு வரும்போதும் அப்பாவைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். பாவம், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார். புதன்கிழமை, இரண்டாவது மாடி. கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, டாக்டர் புதன் வரவில்லை, வியாழன் வாருங்கள் என்று. போகிற நாளை மாற்றிக்கொண்டேன், பதிலை மாற்ற மறந்துவிட்டேன். டாக்டர் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கணீரென்று புதன் என்று சொல்லிவிட்டு, சரிதானே என்று என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை அசைத்து வியாழன் என்று காட்டினேன். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். இவங்க யாரு உங்களுக்கு என்று அப்பாவைக் கேட்டார். அப்பா யோசிக்கவே இல்லை, இவளா, வாயாடி என்றார். டாக்டர் சிரித்துவிட்டு, வாயாடியம்மா, கொஞ்சம் வெளியே இருங்க என்றார்.

கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டத்தை அப்பா அழகாகப் போட்டார், கைதேர்ந்த வேலைக்காரர் இல்லையா. பிறகு எண்களை எல்லாம் கீழ்ப்பாதியிலேயே நெருக்கி, வளைவாக, இடைவெளி இல்லாமல், கீழ்த்தாடையில் பல் அடுக்குகிற மாதிரி அடுக்கினார். மேல்பாதி காலி. முள் போடவில்லை. திருப்தியாகத் தாளை நீட்டி, கடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, உறுத்தினா ராவிக் கொடுக்கறேன் என்றார். வெளியே இருந்த நான் கைப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீங்க சொல்லிக்கொடுத்து அவர் பாஸ் பண்ணியிருந்தா யாருக்கும்மா நஷ்டம் என்று கேட்டார். இது பைத்தியம் இல்லை, வீம்பு இல்லை, மூளை சுருங்குகிற நோய், இந்த வயதிலும் சிலருக்கு வரும் என்றார். மாத்திரை போனதைக் கொண்டுவராது, இருப்பதைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கலாம், அதுவும் சிலருக்குத்தான். அடுப்புப் பக்கம் விடாதீர்கள், தனியாக வெளியே அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முக்கியமாக, தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள், ஆமாம் என்று கூடவே போங்கள், திருத்தினால் அவருக்குப் பயம்தான் மிஞ்சும் என்றார். பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு பெண், தூரத்தில் என்றேன். அடையாளம் தெரிகிறபோதே வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றார்.

நீ பதறி டிக்கெட் போடாதே. டாக்டர்கள் அப்படித்தான் சொல்லிவைப்பார்கள். இப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருக்கிறது, வருஷக் கடைசி லீவில் வந்தால் போதும். அவருக்கு எல்லாம் மறந்தாலும் என்னை மறக்காது, இத்தனை வருஷம் காதைத் தின்ற குரல் எங்கே போகும். அவருக்கு நான் ஞாபகம் இருக்கிறவரைக்கும் உன்னை ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பேன், காலையில் உன் போட்டோவைக் காட்டித்தான் மாத்திரையே கொடுக்கிறேன். நீ போனில் பேசும்போது நான் யாரு சொல்லுங்க பார்ப்போம் என்று மட்டும் கேட்டுவிடாதே, பாப்பா பேசறேன்ப்பா என்று நீயே ஆரம்பி. குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீயாவது யார் முன்னாலும் தலைகுனியாமல், சொந்தக் காலில் நின்று, நல்லபடியாக இரு.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு எழுதறீங்க என்றார். பாப்பாவுக்கு என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. நல்லா இருக்கச் சொல்லுங்க, அவங்க அம்மாவையும் ரொம்ப விசாரிச்சதா எழுதுங்க என்றார். சரி, எழுதிடறேன் என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா